பியர் நுரையும் சிறப்பு மால்ட்களும்

பியர் நுரை என்பது பியரைக் குவளையில் ஊற்றும்போது கார்பன் டைஆக்சைடு குமிழிகள் மேற்பரப்பில் திரண்டு உருவாகும் வெண்ணிற அடுக்கு ஆகும். சோடா, கோலா போன்ற பானங்களிலும் இதே வாயுதான் இருக்கிறது. அவற்றை ஊற்றும்போதும் நுரை எழும்; ஆனால் சில நொடிகளில் சலசலத்து அடங்கிவிடும். நன்கு தயாரிக்கப்பட்ட பியரின் நுரையோ பல நிமிடங்கள் நிற்கும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் வாயு அன்று. தானியத்திலிருந்து வரும் புரதங்களும் ஹாப் மலரிலிருந்து வரும் கசப்புப் பொருள்களும் ஆகும்.

பியரின் பெரும்பகுதி அடிப்படை மால்ட் எனப்படும் வெளிர்நிற பார்லி மால்ட்டிலிருந்து தயாராகிறது. நிறம், மணம், அடர்த்தி, நுரை ஆகியவற்றை மாற்றுவதற்காக அதனுடன் சிறிய அளவில் சேர்க்கப்படும், வேறு முறையில் பதப்படுத்தப்பட்ட மால்ட்கள் சிறப்பு மால்ட்கள் எனப்படுகின்றன. வீட்டில் பியர் தயாரிப்போரிடையே, நுரை நிற்கவில்லை என்றால் உடனே ஒரு பிடி சிறப்பு மால்ட் சேர்க்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அது சில வேளைகளில் பயன் தருகிறது. பல வேளைகளில் குறை தானியத்தில் இருப்பதில்லை. அப்போது எந்த மால்ட்டைச் சேர்த்தாலும் நுரை நிற்காது. எந்த மால்ட் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிய, முதலில் குமிழியின் இயற்பியலை அறிய வேண்டும்.

வீட்டுத் தயாரிப்பின் பின்னணி

பிரிட்டனில் 1963ஆம் ஆண்டு வரை வீட்டில் பியர் காய்ச்ச உரிமம் தேவைப்பட்டது. அந்த ஆண்டு அத்தேவை நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் தயாரிக்கும் பியருக்குக் கூட்டரசு வரிவிலக்கு அளித்தது. இவ்விரு நாடுகளிலும் இது இன்று பரவலான பொழுதுபோக்கு. தானியம், ஹாப், ஈஸ்ட் மூன்றையும் சில்லறையில் விற்கும் கடைகள் உள்ளன. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றமாகும். எனவே இக்கட்டுரையில் வரும் செய்முறைக் குறிப்புகள் அது அனுமதிக்கப்பட்ட நாடுகளின் வழக்கத்தை விளக்குபவை மட்டுமே.

பெரிய ஆலைகளுக்கு நுரையைக் காக்கப் பல கருவிகள் உண்டு. சில ஆலைகள் வேதிமுறையில் மாற்றப்பட்ட ஹாப் சாற்றைப் பயன்படுத்துகின்றன. அது சாதாரண ஹாப்பைவிட நுரையை இறுக்கமாகப் பிடிக்கும். சில, கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினேட் வகைப் பொருளைக் கலக்கின்றன. அயர்லாந்தின் கின்னஸ் நிறுவனம் 1959இல் நைட்ரஜன் வாயுவைக் கலந்து ஊற்றும் முறையைக் கொண்டுவந்தது. வீட்டில் காய்ச்சுபவரிடம் பெரும்பாலும் இவை எதுவும் இருப்பதில்லை. அவர் மாற்றக்கூடியது தானியக் கலவையைத்தான். சிறப்பு மால்ட்கள் மீது அவர்களுக்கு இத்தனை நம்பிக்கை ஏற்பட்டதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

குமிழி எப்படி நிற்கிறது

புட்டியைத் திறந்தவுடன் அழுத்தம் குறைகிறது. கரைந்திருந்த கார்பன் டைஆக்சைடு வெளியேற வழி தேடுகிறது. ஆனால் திரவத்தின் நடுவில் குமிழி தானாக எளிதில் பிறக்காது. குவளைச் சுவரின் சிறு கீறல், ஒட்டியிருக்கும் பஞ்சிழை, ஊற்றும் வேகத்தில் உள்ளிழுக்கப்படும் காற்று போன்ற ஏதேனும் ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். அங்கே பிறந்த குமிழி மேலே எழும்போது வழியிலுள்ள புரத மூலக்கூறுகளைத் தன் மேற்பரப்பில் சேர்த்துக்கொண்டே செல்கிறது.

தூய நீரின் பரப்பு இழுவிசை மிகுதி. அதில் குமிழி நிலைக்காது. சில புரதங்களுக்கு நீரை விரும்பும் பகுதியும் நீரை வெறுக்கும் பகுதியும் உண்டு. நீரை வெறுக்கும் பகுதி வாயுப் பக்கமாகவும், மற்றது திரவப் பக்கமாகவும் திரும்பிக் குமிழியைச் சுற்றி ஒரு தோல்போல் படிகின்றன. பரப்பு இழுவிசை குறைகிறது. குமிழிச் சுவருக்கு வலு கிடைக்கிறது. பாலைக் காய்ச்சும்போது பொங்குவதும், காபியை ஆற்றும்போது மேலே நுரை கட்டுவதும் இதே வகையைச் சேர்ந்தவைதாம். அங்கே பால் புரதங்கள் இந்த வேலையைச் செய்கின்றன.

உருவான நுரை மூன்று வழிகளில் அழிகிறது. முதலாவது, குமிழிகளுக்கு இடையிலுள்ள திரவம் புவியீர்ப்பால் கீழே வடிதல். திரவம் வடிய வடியச் சுவர் மெலிகிறது. இரண்டாவது, மெலிந்த சுவர் உடைந்து அண்டைக் குமிழிகள் ஒன்றாதல். மூன்றாவதைக் கண்ணால் எளிதில் காண முடியாது. சிறிய குமிழியின் உள்ளழுத்தம் பெரிய குமிழியின் உள்ளழுத்தத்தைவிட அதிகம். அதனால் சிறியதிலிருந்து வாயு சுவரின் வழியே கரைந்து பெரியதற்குள் செல்கிறது. சிறியது மறைகிறது, பெரியது இன்னும் பெரிதாகிறது. மென்மையான நுரை சற்று நேரத்தில் பெரிய பெரிய குமிழிகளாக மாறுவது இதனால்தான். நைட்ரஜன் நீரில் மிகக் குறைவாகவே கரையும். ஆகவே இந்த வாயுப் பரிமாற்றம் அதில் மெதுவாக நடக்கிறது. கின்னஸ் நுரை பாலேடு போல் நீண்ட நேரம் நிற்பதன் இரகசியம் இதுவே.

புரதங்களும் ஹாப்பும்

பார்லியிலுள்ள எல்லாப் புரதங்களும் நுரைக்கு உதவுவதில்லை. முதன்மையாகப் பேசப்படுபவை இரண்டு. ஏறத்தாழ 40,000 டால்டன் மூலக்கூறு எடையுள்ள 'புரதம் இசட்' ஒன்று. ஏறத்தாழ 9,700 டால்டன் எடையுள்ள, கொழுப்பைக் கடத்தும் 'எல்டிபி 1' என்னும் சிறிய புரதம் மற்றொன்று. இவை இரண்டும் முளைப்பின்போது நொதிகளின் தாக்குதலையும், பின்னர் கொதிநிலையையும் தாங்கி வருபவை. எல்டிபி 1 இயல்பு நிலையில் நல்ல நுரையைத் தருவதில்லை. மால்ட் சாற்றைக் கொதிக்க வைக்கும்போது அதன் மடிப்புகள் அவிழ்கின்றன, அதன் பிறகே அது நுரைக்கு ஏற்றதாகிறது. பார்லியின் சேமிப்புப் புரதமான ஹார்டீனின் துண்டுகளும் இவற்றுடன் சேர்கின்றன.

ஹாப்பைக் கொதிக்க வைக்கும்போது அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் ஐசோ-ஆல்ஃபா அமிலங்களாக மாறுகின்றன. பியரின் கசப்பு இவற்றால் வருகிறது. இவை புரத மூலக்கூறுகளுக்கிடையே பாலம்போல் அமைந்து, குமிழியின் தோலை இறுக்குகின்றன. குவளையில் பியர் குறையும்போது சுவரில் பின்னல் வேலைப்பாடு போல நுரை ஒட்டிக்கொண்டு நிற்பதும் இந்த இறுக்கத்தால்தான். கசப்பு மிகக் குறைந்த பியரில் நுரை தளர்வாக இருப்பது இயல்பு. தானியத்தை மட்டும் கணக்கில் எடுப்போர் இதை மறந்துவிடுகின்றனர்.

சர்க்கரைச் சங்கிலிகளான டெக்ஸ்ட்ரின்களும் பீட்டா-குளுக்கன் என்னும் பசைப்பொருளும் திரவத்தின் பாகுநிலையைக் கூட்டி, வடிதலைச் சற்று மெதுவாக்குகின்றன. இவை துணைப் பொருள்கள் மட்டுமே. புரதம் இல்லாத இடத்தில் டெக்ஸ்ட்ரினால் தனியாக நுரையைத் தாங்கி நிறுத்த முடியாது.

முளைப்பும் நுரையும்

பார்லியை நீரில் ஊறவைத்து, நான்கைந்து நாள் முளைக்கவிட்டு, பின் வெப்பக் காற்றில் உலர்த்தினால் மால்ட் கிடைக்கிறது. முளைக்கும்போது தானியத்திற்குள் நொதிகள் உருவாகி, மாச்சத்தைச் சூழ்ந்துள்ள சுவர்களையும் புரதங்களையும் சிதைக்கின்றன. இந்தச் சிதைவு போதிய அளவு நடந்தால்தான் பின்னர் மாச்சத்து எளிதில் சர்க்கரையாகும். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் நுரைப் புரதங்களும் குறைந்துபோகும். ஆகவே சர்க்கரை விளைச்சலும் நுரையும் ஓரளவு எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. நுரைக்காகப் பயன்படுத்தப்படும் பல சிறப்புத் தானியங்களின் அடிப்படை, சிதைவு குறைவாக நடந்த தானியத்தைச் சிறிது சேர்ப்பது என்பதுதான்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஜெர்மனியின் சிட் மால்ட். 1516இல் பவேரியாவில் பிறப்பிக்கப்பட்ட புகழ்பெற்ற பியர்த் தூய்மை ஆணை, பார்லி, ஹாப், நீர் ஆகிய மூன்றை மட்டுமே அனுமதித்தது. அம்மரபில் வந்த ஜெர்மானிய விதிகளின்படி முளைக்காத தானியத்தைச் சேர்க்கக் கூடாது. முளைக்காத பார்லியோ நுரைக்கு நல்லது. முளை எட்டிப் பார்த்தவுடனேயே உலர்த்திவிட்டால் சட்டத்தின் பார்வையில் அது மால்ட். தன்மையில் ஏறக்குறைய பச்சைப் பார்லி. விதிக்குள் நின்றுகொண்டே விதியின் எல்லையைத் தொட்டுவிட்ட இந்த உத்தி, பியர் வரலாற்றின் சுவையான செய்திகளுள் ஒன்று.

நுரைக்குப் பயன்படும் மால்ட்களும் தானியங்களும்

கோதுமை மால்ட்: வீட்டுத் தயாரிப்பில் நுரைக்காகச் சேர்க்கப்படுபவற்றுள் மிகவும் நம்பத்தக்கது கோதுமை மால்ட் எனக் கூறலாம். கோதுமையில் புரதம் மிகுதி. அதன் கிளைக்கோபுரதங்கள் குமிழிச் சுவருக்கு வலுவூட்டுகின்றன. மொத்தத் தானியத்தில் 5 முதல் 10 விழுக்காடு சேர்த்தாலே வேறுபாடு தெரியும். 20 லிட்டர் பியருக்கு 4.5 கிலோ தானியம் பயன்படுத்தினால் இது 225 முதல் 450 கிராம் வரை. இந்த அளவில் சுவை பெரிதாக மாறுவதில்லை. ஜெர்மானிய வைஸ்பியர் வகையில் பாதிக்கு மேல் கோதுமை மால்ட் இருக்கும். அதன் உயர்ந்த, அடர்ந்த நுரை உலகறிந்தது. கோதுமைக்கு உமி கிடையாது என்பது ஒரு சிக்கல். பார்லியின் உமிதான் சாற்றை வடிக்கும்போது வடிகட்டியாக வேலை செய்கிறது. கோதுமை மிகுந்தால் சாறு வடியாமல் கூழாக நின்றுவிடும். அமெரிக்க வீட்டுத் தயாரிப்பாளர்கள் இதற்கு நெல் உமியை வாங்கிக் கலக்கின்றனர்.

டெக்ஸ்ட்ரின் மால்ட்: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த பிரீஸ் நிறுவனம் விற்கும் 'கேராபில்ஸ்' இவ்வகையில் பெயர் பெற்றது. ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் 1879இல் தொடங்கப்பட்ட வெயர்மன் நிறுவனத்தின் 'கேராஃபோம்' மற்றொன்று. கேராபில்ஸ் மணியை உடைத்துப் பார்த்தால் உள்ளே மாவு இருக்காது, கண்ணாடிபோல் இறுகியிருக்கும். ஈஸ்ட் உண்ண முடியாத டெக்ஸ்ட்ரின்கள் இதில் உள்ளன. நிறத்தையோ சுவையையோ பெரிதும் மாற்றாமல் நுரைக்கும் வாய்நிறைவுக்கும் உதவும் என்று விற்கப்படுகிறது. சேர்க்கும் அளவு பொதுவாக 1 முதல் 5 விழுக்காடு. வீட்டுத் தயாரிப்பாளர்கள் இதை ஒரு மருந்துபோல் எல்லாச் செய்முறைகளிலும் சேர்ப்பது வழக்கம். பயன் உண்டா என்பதில் அவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தானியக் கலவையில் ஏற்கெனவே போதிய புரதம் இருந்தால், இதன் பங்கு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாகவே இருக்கும்.

கிரிஸ்டல் மால்ட்: முளைத்த ஈரத் தானியத்தை உலர்த்தாமல் சுமார் 65 முதல் 70 பாகை செல்சியசில் வைத்தால், உமிக்குள்ளேயே மாச்சத்து சர்க்கரையாகிறது. பின்னர் வறுக்கும்போது அந்தச் சர்க்கரை இறுகி, வெல்லப்பாகு போன்ற மணம் பெறுகிறது. இதில் உருவாகும் மெலனாய்டின் என்னும் பழுப்பு நிறப் பொருள்கள் நுரைக்கு உதவக்கூடியவை. எனினும் கிரிஸ்டல் மால்ட் அனைத்தும் நுரைக்கு நல்லது என்ற பொதுவான கருத்து சரியன்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பியர் நுரையை நீண்ட காலம் ஆராய்ந்த சார்லஸ் பாம்ஃபோர்த்தும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, சிறப்பு மால்ட்கள் நுரையை வளர்க்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும் என்று காட்டியது. கிரிஸ்டல் வகைகளில் நுரையைத் தளர்த்தும் சிறு மூலக்கூறுகளும் இருக்கின்றன. ஆகவே நுரைக்காக மட்டும் கிரிஸ்டல் மால்ட்டை அள்ளிப் போடுவது பயனற்றது. இனிப்பும் நிறமும் கூடுவது மட்டுமே உறுதி.

கரிய மால்ட்கள்: இலண்டனில் டேனியல் வீலர் 1817இல் உருளையில் மால்ட்டை வறுக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். போர்ட்டர், ஸ்டவுட் ஆகிய கரும்பியர்களின் நிறம் அதன் பிறகு இத்தகைய கரிய மால்ட்டிலிருந்தே வந்தது. கடும் வறுவலில் மெலனாய்டின்கள் மிகுதியாக உருவாகின்றன. கரும்பியர்களின் நுரை பழுப்பு நிறத்தில் அடர்த்தியாக நிற்பதற்கு இவையும் ஒரு காரணம். ஆனால் 3 விழுக்காடு சேர்த்தாலே பியர் கறுத்துவிடும் என்பதால், வெளிர் பியருக்கு இது வழியாகாது.

அவல் வடிவத் தானியங்கள்: இவை மால்ட் அல்ல என்றாலும் இதே நோக்கில் பயன்படுவதால் இங்கே கூற வேண்டியவை. முளைக்காத பார்லியை வேகவைத்து, நெல் அவல்போல் தட்டையாக நசுக்குகின்றனர். அயர்லாந்து ஸ்டவுட் வகைகளில் பார்லி அவல் சுமார் 10 விழுக்காடு அளவில் இடம்பெறுவது மரபு. இது நுரைக்கு மிகவும் உதவும். ஆனால் பீட்டா-குளுக்கன் காரணமாகப் பியர் கலங்கலாகும். கரும்பியரில் கலங்கல் தெரியாது. பொன்னிறப் பியரில் தெரியும். ஓட்ஸ் அவலில் புரதத்தோடு கொழுப்பும் மற்றத் தானியங்களைவிட அதிகம் என்பதால் அதன் விளைவு இருபக்கமும் சாயக்கூடியது.

தானியத்தை ஊறவைத்துச் சர்க்கரையாக்கும் வசதி இல்லாமல், ஆயத்த மால்ட் பாகிலிருந்து பியர் தயாரிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரிஸ்டல், டெக்ஸ்ட்ரின் மால்ட்களை வெந்நீரில் ஊறவைத்துச் சாற்றை எடுத்தாலே போதும். கோதுமை மால்ட்டையும் அவலையும் அப்படிச் செய்தால் மாச்சத்து மாறாமல் வந்து பியரைக் கலக்கும். அவற்றுக்கு அடிப்படை மால்ட்டின் நொதி தேவை. இவர்களுக்குக் கோதுமைப் பாகே எளிய மாற்று.

காய்ச்சும் முறையின் பங்கு

பழைய நூல்களைப் பார்த்துச் செய்யும் சிலர், ஊறலை முதலில் 50 பாகை செல்சியசுக்கு அருகில் அரைமணி நேரம் வைக்கின்றனர். 'புரத ஓய்வு' எனப்படும் இப்படிநிலை, முளைப்புக் குறைவாக இருந்த பழங்கால மால்ட்டுக்குத் தேவைப்பட்டது. இன்றைய மால்ட்டில் புரதச் சிதைவு ஆலையிலேயே முடிந்துவிட்டது. அதை மீண்டும் அந்த வெப்பநிலையில் நிறுத்தினால், எஞ்சியிருக்கும் நுரைப் புரதங்களும் துண்டாகக்கூடும். கூடுதல் மால்ட்டுக்குப் பணம் செலவிட்டு, அது தந்த புரதத்தை இந்த அரைமணி நேரத்தில் இழப்பவர்கள் உண்டு. நேராக 65 முதல் 68 பாகையில் ஊறலைத் தொடங்குவதும், முடிவில் 72 பாகையில் சிறிது நேரம் வைப்பதும் நுரைக்கு ஏற்ற முறையாகக் கருதப்படுகின்றன.

நொதித்தலும் முக்கியமானது. பட்டினி கிடக்கும் ஈஸ்ட், அல்லது சர்க்கரை மிகுந்த அடர்ந்த சாற்றில் திணறும் ஈஸ்ட், புரோட்டினேஸ் ஏ என்னும் நொதியை வெளிவிடுகிறது. அது புரதத்தை வெட்டும் நொதி. வலிமை மிகுந்த பியர்களில் நுரை குறைவாக இருப்பதற்கு ஆல்கஹாலுடன் இதுவும் காரணம். போதிய அளவு நலமான ஈஸ்ட்டைச் சேர்ப்பதும், நொதித்து முடிந்த பியரை வெப்பமான இடத்தில் வாரக்கணக்கில் அடிமண்டி மீது விட்டுவைக்காமல் இருப்பதும் நுரையைக் காக்கும்.

நுரைப் புரதம் பெரும்பாலும் ஒருமுறைதான் வேலை செய்யும் என்பது பலர் அறியாத செய்தி. நொதிகலத்தில் பொங்கி, சுவரில் ஒட்டிக் காய்ந்த நுரையிலுள்ள புரதம் மீண்டும் பியருக்குத் திரும்புவதில்லை. ஆகவே நொதித்தலில் அளவுக்கு மீறிப் பொங்குவதும், சேமிப்புக் கலத்தை வாயு ஏற்றுவதற்காக மீண்டும் மீண்டும் குலுக்குவதும் குவளைக்கு வர வேண்டிய நுரையை முன்கூட்டியே செலவழித்துவிடும்.

வாயுவும் போதிய அளவில் இருக்க வேண்டும். புட்டியில் அடைக்கும்போது லிட்டருக்கு சுமார் 6 கிராம் சர்க்கரை, அதாவது 20 லிட்டருக்கு 120 கிராம் சேர்ப்பது வழக்கமான அளவு. ஒரு கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ அரை கிராம் கார்பன் டைஆக்சைடு கிடைக்கும். எனவே இதிலிருந்து லிட்டருக்கு சுமார் 3 கிராம் வாயு கூடுகிறது. சர்க்கரையை அளவுக்கு மேல் சேர்த்தால் புட்டி வெடிக்கும் ஆபத்து உண்டு. வாயுவைக் கூட்டினால் நுரை உயரமாக எழும். ஆனால் நீண்ட நேரம் நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. எழுவது வேறு, நிற்பது வேறு.

நுரையைக் கொல்பவை

கொழுப்பே நுரையின் முதல் பகை. கொழுப்பு மூலக்கூறு குமிழியின் தோலில் புரதங்களுக்கிடையே நுழைந்து பிணைப்பை அறுக்கிறது. அந்த இடத்தில் சுவர் உடைகிறது. உணவு எண்ணெய், உதட்டுச் சாயம், துடைத்த துணியின் பிசுக்கு எதுவாயினும் போதும். பாத்திரம் கழுவும் திரவத்தின் எச்சமும் இதே கேட்டைச் செய்யும். கொக்கோ, தேங்காய், கொட்டைப் பருப்பு முதலியவற்றைச் சேர்த்துச் செய்யப்படும் பியர்களில் நுரை மெலிவதற்கும் அவற்றின் எண்ணெயே காரணம். கொதித்த சாற்றின் அடியில் தங்கும் மண்டியிலும் கொழுப்பு இருப்பதால், தெளிந்த பகுதியை மட்டும் நொதிகலத்துக்கு எடுப்பது நல்லது.

எனவே மால்ட்டை மாற்றும் முன் குவளையைச் சோதிப்பதே முறை. நன்கு கழுவிய குவளையின் உட்புறத்தை நீரால் நனைத்து உப்பைத் தூவினால், சுத்தமான இடங்களில் உப்பு சீராக ஒட்டும். பிசுக்குள்ள இடங்களில் ஒட்டாது. நீரை ஊற்றிக் கவிழ்த்தும் பார்க்கலாம்: சுத்தமான கண்ணாடியில் நீர் ஒரே படலமாக வழியும், பிசுக்கிருந்தால் துளித்துளியாகப் பிரியும். சலவைச் சோடா கரைசலில் கழுவி, பலமுறை நீரில் அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துவைத்து உலரவிடுவது போதுமானது. ஒரே புட்டியிலிருந்து இரு குவளைகளில் ஊற்றி, ஒன்றில் நுரை நின்று மற்றொன்றில் நிற்காவிட்டால் குறை பியரில் இல்லை என்பது தெளிவு. ஐந்து நிமிடம் ஆகும் இச்சோதனையைச் செய்யாமல் செய்முறையையே திருத்துவோர் பலர்.

நுரையை அளத்தல்

ஆலைகள் நுரையை அளக்க வரையறுத்த முறைகளை வைத்துள்ளன. 1957இல் வெளியான ருடின் முறை, நீண்ட கண்ணாடிக் குழாயில் பியரை முழுவதும் நுரையாக்கி, அது வடியும் வேகத்தை அளக்கிறது. நெதர்லாந்தில் உருவான நிபெம் கருவி, நுரையின் மேல்மட்டம் 30 மில்லிமீட்டர் இறங்க ஆகும் நேரத்தை நொடிகளில் தருகிறது.

வீட்டிலும் பள்ளி அளவிலும் புரிந்துகொள்ளத்தக்க முறை ஒன்றை மியூனிக் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆர்ன்ட் லைக்கே 2002இல் வெளியிட்டார். நுரையின் உயரத்தைக் குறித்த கால இடைவெளிகளில் அளந்து, அது கதிரியக்கச் சிதைவைப் போன்றே அடுக்குக்குறி விதிப்படி குறைகிறது என்று அவர் காட்டினார். அதற்காக அதே ஆண்டு, சிரிக்கவைத்துப் பின் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசும் பெற்றார். நுரை தன் தொடக்க உயரத்தில் சுமார் 37 விழுக்காடாகக் குறைய ஆகும் நேரம், எர்டிங்கர் வைஸ்பியருக்கு ஏறத்தாழ 276 நொடி, பட்வைசர் பட்வாருக்கு 168 நொடி, ஆகஸ்டினர்பிராய்க்கு 116 நொடி. இவற்றை 0.693 ஆல் பெருக்கினால் நுரையின் அரை ஆயுள் கிடைக்கும்: முறையே 191, 116, 80 நொடிகள். முதலிடம் பெற்றது கோதுமை பியர் என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் மூன்று பியர்களுக்கும் ஹாப்பு, ஈஸ்ட், வாயு அளவு எல்லாமே வேறுபடுவதால், இந்த ஓர் ஆய்வை மட்டும் வைத்துப் புகழ் முழுவதையும் கோதுமைக்கே அளித்துவிட முடியாது.

ஒரு சிறப்பு மால்ட் உண்மையில் உதவுகிறதா என்று அறிய விரும்புவோர் இதே முறையைப் பின்பற்றலாம். ஒரே நாளில், ஒரே அடிப்படை மால்ட், ஒரே ஹாப்பு, ஒரே ஈஸ்ட் கொண்டு இரு சிறு தொகுதிகள் காய்ச்ச வேண்டும்; ஒன்றில் மட்டும் 5 விழுக்காடு அடிப்படை மால்ட்டுக்குப் பதிலாகச் சோதிக்க வேண்டிய மால்ட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே வெப்பநிலையில், ஒரே வடிவமுள்ள சுத்தமான உயர் குவளைகளில், ஒரே உயரத்திலிருந்து ஊற்றி, 30 நொடிக்கு ஒருமுறை நுரையின் உயரத்தைக் குறிக்க வேண்டும். ஊற்றும் கை சற்று மாறினாலும் தொடக்க உயரம் மாறும் என்பதால், உயரத்தை நேரடியாக ஒப்பிடாமல் பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை ஒப்பிட வேண்டும். ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று புட்டிகளையாவது அளந்து சராசரி காண்பது நல்லது.